முதுகுப் பக்கத்து ஊசி

நோர்வேயில், ஸ்டோவ்னரில் எங்கள் மாடியின் கடைசி வீட்டில் ஒரு தாய்லாந்துப் பெண் தனியே இருக்கிறார். மற்ற நாட்களில் குனிந்த தலையோடு வேலைக்குப் போவார். மே பதினேழு காலையில் மட்டும் நிமிர்ந்து நிற்பார். நோர்வேக்காரர் தங்கள் பாரம்பரிய உடையில் ஊர்வலம் போகும் நாள் அது. இவர் தன் நாட்டுச் சரிகைப் பாவாடைக்கு மேல் இடுப்புப்பட்டி பூட்டி, இடது தோளில் பச்சைத் துணியை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு எங்கள் மணியை அடிப்பார். கையில் ஒரு சேஃப்டி பின். துணி நழுவாமல் முதுகுப் பக்கம் அதைக் குத்திவிடுவது என் வேலை. நோர்வேஜிய மொழியில்தான் கதைப்போம்.

போன வருடம் பிள்ளைகளை ஊர்வலத்துக்கு வெளிக்கிடுத்தும் அவசரத்தில் இருந்தேன்.

"முன்னுக்குக் குத்தினால் நீங்களே குத்தலாமே," என்றேன்.

"ஓம், ஏலும். ஆனா இது இன்னொராள், முதுகுக்குப் பின்னாலை நிண்டு குத்திவிடுற உடுப்பு."

நான் மணிக்கூட்டைப் பார்த்தபடியே குத்திவிட்டேன்.

இந்த வருடம் மணி அடிக்கவில்லை. காத்திருந்துவிட்டுக் கீழே இறங்கினேன். பஸ் தரிப்பில் தனியே நின்றார். நெஞ்சருகில் ஊசி பளிச்சென்று தெரிந்தது.

"நீங்கள் சொன்ன மாதிரியே குத்தினனான்," என்று சிரித்தார்.

என் சேலைக்கு அன்று காலை முதுகுப் பக்கம் ஊசி குத்திவிட்டது என் மகள்.