மூன்று மாடி உயரத்துப் பெண்

கடலூர் கோர்ட்டுக்கு எதிர்வரிசை ஜெராக்ஸ் கடையில் நேற்று நின்றிருந்தேன். ஆபீஸ் வேலைதான், ஒரு கட்டு பத்திரத்துக்கு நகல் எடுக்க வேண்டியிருந்தது. மெஷினிலிருந்து தாள் சூடாக வெளியே வரும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், மையும் வெக்கையும் கலந்த மாதிரி. அங்கே நிற்கிற மற்றவர்களுக்கு அது வாய்தாவை ஞாபகப்படுத்தும். எனக்கு எகிப்து ஞாபகம் வரும்.

சிரிக்காதீர்கள். எகிப்து, சுமேரியா, கிரேக்கம் எல்லாமே எனக்குச் சிதம்பரத்து ஜெராக்ஸ் கடை ஒன்றில் சூடாகக் கிடைத்தவைதான். பழங்காலக் கலை வரலாறு படிக்கச் சேர்ந்திருந்தேன். படம் போட்ட பெரிய புத்தகங்கள் லைப்ரரியில் ஒரே ஒரு காப்பி, வீட்டுக்குத் தர மாட்டார்கள். நகல் எடுத்தால் எல்லாம் கறுப்பு வெள்ளை. எகிப்து ராஜாவின் தங்க முகமூடி எனக்கு வெகுகாலம் கரி பூசின மாதிரியே இருந்தது.

கறுப்பு எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் ஊர் அண்ணாகிராமம் பக்கம். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். கொட்டை எண்ணெய் பட்டு இரண்டு கையும் கறுத்தே இருக்கும். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

"என்னாடா படிக்கிற?" என்றார் ஒருநாள்.

"பழைய காலத்து சிலைங்களப் பத்திம்மா."

"அதுல படிக்க என்னா இருக்குது? சிலைன்னா கும்புடணும். ஜாஸ்தி போனா ஒரு சுத்து சுத்தி வரணும்."



இப்போது யூசுப்பைச் சொல்லியாக வேண்டும். என் வகுப்புத் தோழன், பரங்கிப்பேட்டைக்காரன், அவன் வாப்பா வளைகுடாவில் கடை வைத்திருந்தார். என்னை "மச்சான்" என்றுதான் கூப்பிடுவான், நானும் அப்படித்தான். ஆனால் உள்ளுக்குள் அவனைப் பார்த்து எரிந்துகொண்டிருப்பேன். அவனிடம் இருந்த பொருளுக்காக இல்லை, அவன் கண்ணுக்காக. நாங்கள் படத்தில் பார்த்ததை அவன் நேரில் பார்த்திருந்தான். அதுவும் எப்படி? "விசா வேலயா டெல்லி போனோம் மச்சான். எம்பசில சாயங்காலம் வரச் சொல்லிட்டாங்க. பொழுது போகலன்னு வாப்பா மியூசியத்துக்குக் கூட்டிப் போனாங்க." பொழுது போகவில்லையாம். நான் பொழுதெல்லாம் ஏங்கியது அவனுக்குப் பொழுதுபோக்காகக் கிடைத்திருக்கிறது. எந்த ஊர் நியாயம் இது?

அந்த வருஷம் எங்கள் மேடம், செமினாரில் நன்றாகப் பேசும் ஒருவரைக் கோடை லீவில் டெல்லிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். மியூசியத்துக்குள்ளேயே ஒரு மாதம் வேலை. வகுப்பில் அதற்கு மல்லுக்கட்டியது நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு இன்னொரு பயணம். எனக்கு அது கண் திறப்பு.

நான் எடுத்துக்கொண்டது மொகஞ்சதாரோவின் வெண்கலப் பெண். நடனப் பெண் என்பார்கள். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கை முழுக்க வளையல், தாடையைத் தூக்கி "என்னா இப்ப?" என்று கேட்கிற நிலை. முந்திரிக் கொட்டகையில் மேஸ்திரியிடம் சண்டைக்கு நிற்கும் அக்காக்கள் அச்சு அசல் அப்படித்தான் நிற்பார்கள். முழுத்தாள் நிறைய அவள் படம், என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன்.

படித்தேன் பாருங்கள், ராத்திரி பகல் பார்க்காமல். செமினாரில் கணீரென்று சொன்னேன்: "இந்தச் சிலையின் காலடியில் நின்று அந்த நகரத்து ஜனங்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்."

மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணாந்தா? எவ்ளோ உயரம் இருக்கும்னு நினைக்கிற?"

"நம்ம பில்டிங் உயரம் மேடம். மூணு மாடி."

என் கணக்கு இதுதான்: சிதம்பரம் கோபுரம் ஆயிரம் வருஷத்துக்குள், அதுவே அவ்வளவு பெரிசு. இவளோ நாலாயிரம் வருஷத்துக்காரி, இன்னும் பெரிசாகத்தானே இருக்க வேண்டும். ஜெராக்ஸில் மலையும் மோதிரமும் ஒரே தாளுக்குள் அடங்கிவிடும், படத்துக்குக் கீழே இருந்த அளவு மெஷினின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

வகுப்பு சிரித்தது. யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று மேடம் கேட்டார். யூசுப் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவே யோசித்தான். பிறகு கையை விரித்து என்னைப் பார்த்துத்தான் சொன்னான்: "ஒரு சாண்கூட இல்ல மச்சான்."

டெல்லிக்கு அவன் போனான்.

இன்று வளைகுடாவில் ஒரு மியூசியத்தில் வேலை பார்க்கிறான். நேற்று ஜெராக்ஸ் வாசனையில் நின்றபோது பையில் போன் அதிர்ந்தது, அவன்தான். ஊர் ஊராகப் போய்ப் போட்டோ அனுப்புவான். எல்லாவற்றிலும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவன் கை, பெரிய சிலை என்றால் முழு ஆளாக அவனே. எவ்வளவு மிதப்பு என்று வருஷக்கணக்காக வயிறு எரிந்திருக்கிறேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னா சார், உங்க ஃபிரெண்டு கைய நீட்டிக்கினே நிக்கறாரு, எதுனா வேண்டுதலா?"

அதையே அவனுக்கு எழுதிக் கேட்டேன். குரல் பதிவு வந்தது. "கை இல்லன்னா உனக்கு அளவு எப்புட்றா தெரியும்? அன்னிலேருந்து அப்படித்தான எடுக்கறேன்."

பொறாமைப்படக்கூட நிம்மதியாக விடமாட்டான்.

பொறாமை போயிற்றா என்று கேட்காதீர்கள். போகவில்லை. கை அவனுடையதுதானே, என்னுடையது இல்லையே. சிதம்பரத்து ஜெராக்ஸ் கடை இப்போது போன் கவர் விற்கிறது. என் தாள்களில் அம்மா முந்திரிப்பருப்பு மடித்து அக்கம்பக்கம் கொடுத்துவிட்டார். பாபிலோன் முழுக்கப் பொட்டலமாகப் போயிற்று. டெல்லிக்கு நானும் ஒருநாள் போவேன், கண்ணாடிக்கு முன்னால் குனிந்து அந்த ஒரு சாண்கூட இல்லாத பெண்ணைப் பார்ப்பேன்.

ஆனால் மூன்று மாடி உயரத்தில், வெயிலில் பளபளவென்று, இடுப்பில் கை வைத்து ஊரையே பார்த்து "என்னா இப்ப?" என்று நின்றாளே ஒருத்தி, அவளை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். யூசுப் பார்த்ததில்லை. அவன் கையை விரித்த அன்றோடு எனக்கும் அவள் இல்லை.