உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

எழுதின புரோகிராமை ஓடுகிற புரோகிராமாக மாற்றுவதற்குப் பெயர் பில்டு. அதற்கு முன்னால் எந்த மெஷினுக்கு என்று லினக்ஸ் கம்ப்யூட்டரில் நாலு செட்டிங்ஸ் சொல்ல வேண்டும். அதைச் சரியாகப் படிக்காமல் என்டர் தட்டுகிற பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

என் மெஷின், என் வேகம்

அந்தமானில் லாங் ஐலண்ட் ஜெட்டியில் ஒரு தனியார் போட்டுக்கு டிக்கெட் புரோகிராம் செய்தேன். கவுன்டரில் இருந்த ஸ்டெல்லா அக்கா, எங்கள் சர்ச் ஆள், ஓனரிடம் கெஞ்சி எனக்கு வாங்கிக் கொடுத்த வேலை. "இது ஓடினா கவுன்டர் பொறுப்பு முழுக்க உனக்கு" என்று ஓனர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் போர்ட் பிளேரில் என் புது லேப்டாப்பில் உட்கார்ந்து, 'இந்த மெஷினுக்கே ஏற்றபடி வேகமாக்கு' என்று ஒரு செட்டிங் போட்டேன். பறந்தது! மீசையை முறுக்காத குறைதான். கூட வேலை பார்க்கும் வங்காளி தபன், தன் அரைத் தமிழில் கேட்டான்: "அரே பாய், அங்கே இருக்கிற டப்பாவை நீ பாத்தியா, இல்லையா?"

துணி போட்டு மூடுகிறவர்

பார்க்கவில்லை. லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டு, பென்டிரைவ் மட்டும் எடுத்துக்கொண்டு போட் ஏறினேன். அங்கே இருந்தது அரதப் பழசு மெஷின். கிளிக் பண்ணினதும் புரோகிராம் ஒரு வரி எரர் கத்திவிட்டுச் செத்தது. இன்டர்நெட்டும் ஆடி அசைந்துதான் வரும். பின்னால் முப்பது பேர் வரிசை, பக்கத்தில் ஓனர்.

வாய் முந்திக்கொண்டது. "உப்புக் காத்து சார், மெஷின் உள்ள அரிச்சிருக்கு" என்றேன். ஓனர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்தார். ஒரு மெஷினைப் பார்த்துக்க முடியாத ஆளுக்குப் பொறுப்பு வேறயா என்று எல்லார் முன்னாலும் சத்தம். அக்கா அவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "தினமும் துணி போட்டுத்தான தம்பி மூடுறேன்."

ஒரு வரி

வீட்டுக்கு வந்து பார்த்தால், சீச்சீ, குற்றவாளி நான் போட்ட அந்த 'வேகமாக்கு' செட்டிங், ஒரே ஒரு வரி. என் புது மெஷினுக்கு மட்டும் தெரிந்த வேலையைக் கிழட்டு மெஷினிடம் கேட்டிருக்கிறேன். வரியை அழித்து மறுபடி பில்டு பண்ணினேன். அடுத்த போட் ரெண்டு நாள் கழித்துத்தான். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம், வெட்கங்கெட்டவன், பண்ணவில்லை.

போனேன். மெஷின் மேல் துணி, அதற்கு மேல் புது பிளாஸ்டிக் உறை. புரோகிராம் ஓடியது. ஓனரிடமும் அக்காவிடமும் "தப்பு என்னுதுதான்" என்று சொன்னேன். முந்தின நாளே கவுன்டர் பொறுப்பைத் தன் மச்சானுக்குக் கொடுத்தாச்சு, இனி மாத்த முடியாது என்று ஓனர் கையை விரித்தார். அக்கா பிளாஸ்டிக் உறையை மடித்து மேசைக்குள் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா இந்த நாற்காலி என்னோடதா இருந்திருக்கும், தம்பி."

புரோகிராமைச் சரிபண்ண எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது, உண்மையைச் சொல்லத்தான் ஒரு போட் லேட்டாகிவிட்டேன்.