தொட்டிக்குக் கீழே ஒரு தொட்டி

குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டதால், அவரை எல்லோரும் புகாரண்ணன் என்றே கூப்பிட்டார்கள். குழாயில் காற்று வருகிறது, தண்ணீரில் சேறு வருகிறது, எங்களுக்கு வராத தண்ணீர் பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று காலையிலிருந்து ஆட்கள் வந்து அவர் முகத்துக்கு நேரே கத்துவார்கள். வால்வைத் திறப்பவரும் அவர் இல்லை, மூடுபவரும் இல்லை. திட்டு மட்டும் அவருக்கு. "பாத்துச் சொல்றேங்க" என்பார். அதற்கு மேல் அவர் கையில் எதுவும் கிடையாது.

அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதை எங்காவது இறக்கி வைக்க வேண்டாமா? வீட்டில் இறக்கினார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். பஸ்ஸைத் திட்டுவார், மாடிப்படியைத் திட்டுவார், டீ ஆறிவிட்டது என்று முனகிக்கொண்டே இன்னொரு டம்ளரும் குடிப்பார். பிடிக்காததைத்தான் திட்டுகிறார் என்று யாராவது நினைத்தால் ஏமாந்துபோக வேண்டியதுதான். மகள் வெளியூருக்குப் படிக்கப் போன அன்று, பெட்டி என்ன இப்படிக் கனக்கிறது என்று ஸ்டேஷன் வரைக்கும் புலம்பிக்கொண்டே தூக்கிப் போனார். ரயில் கிளம்பும்போது "பத்திரம்மா" என்ற ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் தோள் வலிக்கிறது என்றார்.

இன்னது வேண்டும் என்று அவர் கேட்டு யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட உப்பு கேட்க மாட்டார். இந்த வீட்டில் உப்புக்குப் பஞ்சமா என்பார்.

கடல்தொட்டியும் அவர் கேட்டு வந்ததில்லை. மனைவியின் தம்பி சின்ன அறை ஒன்றுக்குக் குடிபோனபோது, "கொஞ்ச நாளைக்குத்தான் மாமா" என்று அதை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், பாறை மேல் ஒட்டிக்கொண்டு வளரும் பவளங்கள். வடிகட்டி, பம்ப், ஹீட்டர் எல்லாம் பின்பக்கத்துக் கறுப்புத் தடுப்புக்குள் அடக்கம். ஒயரைச் சொருகினால் போதும், தன்னால் ஓடும் என்று மைத்துனன் சொன்னான். அவன் சொன்ன மற்ற எல்லாவற்றையும் போலத்தான் அதுவும்.

கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டது. பின்பக்கத்து வடிகட்டி அறைகளோ டிபன் பாக்ஸ் அளவுதான். மீன் தின்று மிச்சம் வைத்ததும் மீன் கழித்ததும் தண்ணீரிலேயே தங்கிப்போக, பாறையெல்லாம் பச்சைப் பாசி படர்ந்தது. பவளங்கள் சுருங்கி வெளிறிக்கொண்டே வந்தன. வாரம் தவறாமல் புகாரண்ணன் வாளி வாளியாகப் பழைய தண்ணீரை எடுத்துக் கொட்டினார், உப்புக் கலந்து புதுத் தண்ணீர் ஊற்றினார். இடுப்பு பிடித்துக்கொள்ளும். "சனியன், என் உயிரை வாங்கவே வந்திருக்கு" என்பார். சொல்லிக்கொண்டே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பாறையாகத் தேய்ப்பார். நாள் பூராவும் கேட்டதில் ஒரு புகாரைக்கூடத் தீர்க்க முடியாத மனிதருக்கு, அங்கே தேய்த்தால் ஒரு பாறையாவது சுத்தமானது. கோமாளி மீன் இரண்டும் அவர் விரலருகே வந்து நிற்கும். அலுவலகத்தில் அவரைப் பார்த்துச் சந்தோஷமாக யாரும் எதிரே வந்ததில்லை.

கடைசியில் மீன் கடைக்காரர்தான் வழி சொன்னார். தொட்டி நிற்கிற அலமாரிக்குள் சம்ப் என்று இன்னொரு தொட்டி வையுங்கள், மேல் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கட்டும், பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றட்டும். கீழ்த்தொட்டியில் ஒரு தடுப்புக்குள் கடல்பாசியை வளர்த்து விளக்குப் போட்டால், மேலே பாசியாகப் படர்கிற அழுக்கையெல்லாம் அது தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளும் மீன் வாயில் சிக்காமல் அங்கே பெருகும், அதனால் அதற்கு ரெஃப்யூஜியம் என்று பேர் என்றார். அந்தப் பேர் புகாரண்ணன் வாயில் நுழையவில்லை. அடைக்கலம் என்று அவரே வைத்துக்கொண்டார்.

"சம்ப் வைக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னபோது, மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்று பில் போட்டுவிட்டு வந்திருந்த மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சம்ப்பா? மூணாவது மாடியில எங்கங்க பள்ளம் தோண்டுவீங்க?"

"தோண்டல. அலமாரிக்குள்ள வைக்கிறேன். பாத்திரத்தையெல்லாம் வேற எங்கயாவது மாத்து."

"இது வேறயா" என்றாள் அவள். ஆனாலும் மாற்றிக் கொடுத்தாள்.

தொட்டியின் பின் கண்ணாடியில் துளை போட அலுவலகத்துக் குழாய் பிட்டரைக் கூட்டி வந்தார். மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரைப் பாதி இறக்கி, கண்ணாடி மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே பிட்டர் துளைத்தார். "அண்ணே, வெடிச்சா என்னக் கேக்கக்கூடாது" என்று தொடங்கும்போதே சொல்லிவிட்டார். புகாரண்ணன் வாளியைக் கட்டிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்து நின்றார். வட்டமாக ஒரு கண்ணாடித் துண்டு விழுந்தது. வெடிக்கவில்லை. பிட்டர்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்.

பிறகு வந்த மாலைகளெல்லாம் தரையில்தான் கழிந்தன. தண்ணீர் இறங்கும் குழாய் கொடகொடவென்று சத்தம் போட்டது. அவர் அலமாரிக்குள் தலையை விட்டு, குப்புறப் படுத்து, வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார். மின்சாரம் போய் பம்ப் நின்றால் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்கும், கீழ்த்தொட்டி வழியாமல் தாங்குமா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தாங்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டார். பகலில் மேலே விளக்கு, இரவில் அடைக்கலத்துக்கு விளக்கு. எல்லாம் சரியான அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"முதுகு போச்சு. இந்தப் பீடை என்னைக்கு ஒழியுமோ."

மனைவி அதைக் கேட்டாள். அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஒரு மனிதர் ஒரே விஷயத்தை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், கூட இருப்பவர்கள் அதை நம்பத்தானே செய்வார்கள்? அவர் தூங்கிய பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி இப்போது பெரிய வீட்டுக்கு வந்துவிட்டான், ஹாலில் ஒரு மூலை காலியாகத்தான் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனன் வந்து நின்றான். கையில் இரண்டு மூடி போட்ட டிரம், தோளில் பழைய போர்வை.

"மாமா, கீழ வண்டி நிக்குது. உங்களுக்கு இனிமே விடுதலை."

புகாரண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட மலர்ச்சி.

"நான்தாங்க வரச் சொன்னேன். ஆபீஸ்ல அவ்வளவு பட்டுட்டு வந்து இதோடயும் மல்லாடுறீங்க. என்னால பாக்க முடியல. ஒழிஞ்சா போதும்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னார்தான். ஒவ்வொரு வார்த்தையும் அவருடையதுதான். அதில் எதை மறுப்பது? "பாத்துச் சொல்றேன்" என்று பழக்க தோஷத்தில் வாயில் வந்தது. மைத்துனன் அதற்குள் போர்வையை விரித்துவிட்டான்.

"தொட்டிய மட்டும் எடுத்துக்கிறேன் மாமா. கீழ இருக்கறதெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க. ஆமா, பின்னாடி என்ன ஓட்டை? பரவால்ல, அடைச்சுக்கலாம்."

புகாரண்ணன் குனிந்து, பம்பின் சுவிட்சை அணைத்தார். மேலிருந்த தண்ணீர் இறங்கியது. கீழ்த்தொட்டியில் ஏறிக்கொண்டே வந்து, பென்சில் கோட்டைத் தொட்டு, அங்கேயே நின்றது. மைத்துனன் வலையை அவர் கையில் கொடுத்தான். "உங்ககிட்டதான் மாமா வரும், நீங்களே புடிங்க."

அவர் வலையைத் தண்ணீரில் விட்டார். பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. தீனி போடத்தான் வந்திருக்கிறார் என்று இரண்டும் நேராக வந்து வலைக்குள் நின்றன. தூக்கினால் போதும். கை தூக்க வரவில்லை. இத்தனை வயசுக்கு மேல் ஒரு மீன் தொட்டிக்காக மச்சினன் முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்துபோனார்.

"எனக்கு வேணும்" என்றார்.

"என்ன மாமா வேணும்? சின்ன வலையா?"

"வலை இல்லடா மாப்ள. இது. இந்தத் தொட்டி. எனக்கு வேணும்."

குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. அதில் முனகல் இல்லை. மைத்துனன் அக்காவைப் பார்த்தான், அக்கா அவரைப் பார்த்தாள்.

"சரி மாமா" என்றான் அவன் கடைசியில். "அதுக்கு ஏன் இப்படி முகம்? உங்க வீட்லயே வளந்தது. இருக்கட்டும்." போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, டிரம் இரண்டும் மோதி மோதிச் சத்தம் போட, வண்டிக்காரரைத் திருப்பி அனுப்ப இறங்கிப் போனான்.

புகாரண்ணன் வலையை மெல்ல வெளியே எடுத்தார். பம்பைப் போட்டார். தண்ணீர் மறுபடி மேலேறத் தொடங்கியது. அவர் அப்படியே அலமாரிப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலை முடித்து வந்த சோர்வைவிடப் பெரிய சோர்வாக இருந்தது அது.

மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் அவர் கையிலிருந்த உப்புத் தண்ணீரைத் துடைத்தாள்.

"இத்தனை வருஷத்துல நீங்க வேணும்னு சொல்லி இன்னைக்குத்தாங்க கேக்கறேன்" என்றாள். பிறகு, "இன்னும் என்னெல்லாம் வேணும்னு சொல்லாமலே வெச்சிருக்கீங்க?"

வழக்கமாக இப்படிக் கேட்டால் முதுகு வலிக்கிறது என்று சொல்லி எழுந்து போயிருப்பார். இன்று யோசித்தார். நிஜமாகவே நெடுநேரம் யோசித்தார்.

"இருந்துச்சு" என்றார். "என்னென்னன்னுதான் மறந்துபோச்சு."