நடுப்படிக் கார்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் சித்தப்பா ஓர் அமெரிக்கக் கார் வாங்கினார். அவர் வாங்கியபோது அதைச் செய்த கம்பனி ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. கம்பனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் "ஓ, அதுவா" என்று உதட்டைப் பிதுக்குவீர்கள். சித்தப்பாவின் காரைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அப்போது நாங்கள் நியூசிலாந்தில், லின்ஃபீல்ட் என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக் கராஜுக்குள் கட்டில் போட்டுச் சித்தப்பா குடியிருந்தார். ஆகவே மனிதர் கராஜுக்குள்ளும் கார் வெளியிலுமாக வாழ்ந்தார்கள். கார் அசாத்திய நீளம். மூக்கு கராஜ் கதவை முட்டினால் வால் நடைபாதைக்கு நீட்டும். குப்பைத் தொட்டி வைக்க இடமில்லாமல் அப்பா ஒவ்வொரு வாரமும் அதைத் தெருவின் அடுத்த முனைக்கு உருட்டிக்கொண்டு போனார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கெல்லாம் சேர்த்து அம்மா சொன்னார்.

"மூடின கம்பனியின்ர காரை ஆராவது காசு குடுத்து வாங்குவினமே? கலியாணம் பேசுற நேரத்தில உமக்கென்ன விசரே தம்பி?"

கலியாணம் பேசுகிற நேரம் என்பது எங்கள் வீட்டில் மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு முப்பத்தேழு வயது. பஸ் டிப்போவில் மெக்கானிக். நல்ல மனிதர், குடி இல்லை, நிரந்தர விசா இருந்தது. இருந்தும் நான்கு சம்பந்தங்கள் தட்டிப்போயின. ஒன்றில் சாதகம் பொருந்தவில்லை. ஒன்றில் சொந்த வீடு கேட்டார்கள். மற்ற இரண்டு இடத்திலும் 'மெக்கானிக்' என்ற சொல்லைக் கேட்டதும் தொலைபேசி அடிப்பது நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் சித்தப்பா "சரி, விடுங்கோ அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குள் போய்க் கதவை இறக்கிவிடுவார். இரண்டு நாளைக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவார். அது எனக்குப் பிடிக்காது.

ஐந்தாவது சம்பந்தம் கிளென்ஃபீல்டிலிருந்து வந்தது. பெண் மருந்துக் கடையில் மருந்தாளராக வேலை செய்தார். இந்த முறை அம்மா உசாராகிவிட்டார். மாப்பிள்ளை எஞ்சினியர் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

"அண்ணி, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று சித்தப்பா பதறினார்.

"நாள் முழுக்க எஞ்சினோடதானே கிடக்கிறீர்? அதில பெரிய பொய் என்ன இருக்கு? நீர் வாயை மூடிக்கொண்டு இரும், மிச்சத்தை நான் பாக்கிறன்."

அப்பா வழக்கம்போலப் புல் வெட்டும் இயந்திரத்தைப் பார்வையிட எழுந்து போனார்.

எனக்கு அந்தக் கார் பிடித்திருந்தது. பின் சீட் எங்கள் சோபாவைவிட அகலம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதில் படுத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் செய்வேன். சித்தப்பா வெளியே நின்று பழைய பனியன் துணியால் காரைத் துடைத்தபடி அதன் கதையைச் சொல்வார். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பேன். இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஒரு பெரிய தாய்க் கம்பனி, ஏணிப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல கார்களைச் செய்ததாம். கீழ்ப்படியில் புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கியவனுக்கு ஒரு கார். உச்சிப்படியில் பணக்காரனுக்கு ஒரு கார். நடுப்படியில் எங்கள் கார். கிளாக்கராக இருந்தவன் மனேஜரானால் அதைத்தான் வாங்குவானாம். வாசலில் அது வந்து நின்றால் அந்த வீட்டுக்காரனுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று தெருவுக்கே தெரிந்துவிடுமாம். "காசுக்காரன்ர கார் இல்லை இது. உழைச்சு ஒரு படி ஏறினவன்ர கார்" என்பார் சித்தப்பா, ஏதோ தானே அதைச் செய்து விற்றவர் மாதிரி. பிறகு ஏன் கம்பனியை மூடினார்கள் என்று கேட்டால் மட்டும் "அது பெரிய கதை" என்று சக்கரத்தைத் துடைக்கக் குனிந்துவிடுவார்.

பெண் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. நாலரைக்கு ராகுகாலம். மூன்றரைக்கு வந்தால் பற்றிஸ், கேக், தேநீர் எல்லாம் முடித்து, நாலரைக்கு முன் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். எங்களுக்கு இரண்டு கட்டளைகள் தரப்பட்டன. மெக்கானிக் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக்கூடாது. கார்க் கம்பனி மூடப்பட்ட விஷயம் வெளியே வரக்கூடாது, அது அபசகுனம். நான் எதையாவது உளறிவிடுவேன் என்று பயந்து, அம்மா என்னைக் கதைப்புத்தகத்துடன் காரின் பின் சீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

அதனால்தான் நடந்ததையெல்லாம் மற்ற எவரையும்விட நான் கிட்ட இருந்து பார்த்தேன்.

வந்தவர்கள் இருவர், பெண்ணும் தகப்பனாரும். தாயார் இல்லை. பெண்தான் காரை ஓட்டிவந்தார். தகப்பனார் நல்ல உயரம். கோடை வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. அம்மா வாசலில் நின்று "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிட, பெண் உள்ளே போனார். பெரியவர் போகவில்லை. எங்கள் காரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

சித்தப்பாவுக்கு அம்மாவின் கட்டளை மறந்துபோயிற்று. முகமெல்லாம் பல்லாக, "ஏறி இருந்து பாருங்கோ ஐயா" என்றபடி முன்பக்கத்து வலது கதவைத் திறந்து பிடித்தார்.

அங்கேதான் பிழை நேர்ந்தது. நியூசிலாந்தில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பார். ஆகவே சித்தப்பா தான் ஏறி ஓட்டுவதற்காகக் கதவைத் திறக்கிறார் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். மரியாதைக்குரிய விருந்தாளி உட்காரும் இடம் இடப்பக்கத்து முன் சீட். அவர் கம்பீரமாகக் காரைச் சுற்றி வந்து, இடது கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தன் நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங் இருப்பதைக் கண்டார்.

அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருடைய காதுகள் சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். இறங்கினால் பிழை விட்டதாக ஆகிவிடும். அவர் இறங்குகிற ஆளாகத் தெரியவில்லை. இடம் மாறி ஏறிவிட்டீர்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, இப்படித்தான் முதலிலிருந்தே யோசித்து வைத்திருந்தவர்போல, வலப்பக்கத்தில் தானே ஏறி உட்கார்ந்து கதவை மெதுவாகச் சாத்தினார்.

எனக்குச் சீ என்றாகிவிட்டது. தன் சொந்தக் காரில் தன் சொந்த இடத்தைக் கேட்டு வாங்கத் துணிவில்லாத மனிதர் என்று நினைத்தேன்.

முழங்காலில் இருந்த பெரியவரின் கைகள் மெல்ல மேலே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தன.

"பின்னுக்கு வடிவாத் தெரியுதில்லை" என்றார்.

சித்தப்பா எட்டி, கண்ணாடியை அவருடைய உயரத்துக்குத் திருப்பிவிட்டார். "இப்ப தெரியுதே ஐயா?"

"ஓம், இப்ப சரி."

அதற்குப் பிறகு பெரியவர் தெருவைப் பார்த்தபடியே பேசினார். ஒன்றரை வருடமாகத் தான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்றார். "ஒரு கண் சரியில்லை. டொக்டர் கார் ஓட வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். பிள்ளை கார்த் திறப்பை வாங்கி வைச்சிட்டா. அவ செய்தது சரிதான். ஆனா அதுக்குப் பிறகு நான் அவவோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. என்ர குணம் அப்பிடி."

சித்தப்பா இன்ன பொத்தான் எதற்கு, இன்ன விளக்கு எதற்கு என்று காட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் இது எந்தக் கம்பனி என்று கேட்டார். சித்தப்பா ஏணிப்படிக் கதையைச் சொன்னார். "இப்பவும் செய்யிறாங்களோ?" என்று பெரியவர் கேட்டார்.

வீட்டு ஜன்னலில் அம்மா தெரிந்தார். மணிக்கட்டில் கடிகாரம் இல்லாமலே கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நாலரை ஆகப் பத்து நிமிடம்.

"இல்லை ஐயா. மூடிப்போட்டாங்கள்" என்றார் சித்தப்பா.

"ஏனாம்?"

எனக்கு ஒருநாளும் சொல்லாத பெரிய கதையை அவருக்குச் சொன்னார். முதலில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி எஞ்சின், தனித்தனி உடம்பு. பிறகு செலவைக் குறைக்க எல்லாவற்றையும் ஒரே அச்சில் செய்யத் தொடங்கினார்கள். "மூஞ்சியையும் பேரையும் மட்டும் மாத்திப்போட்டு இது வேற கார் எண்டு வித்தாங்கள் ஐயா. சனம் எவ்வளவு காலத்துக்கு ஏமாறும்? கீழ்ப்படிக் காரும் இதுவும் ஒண்டுதானே, பிறகேன் கூடக் காசு எண்டு கேட்டுதுகள். பதில் சொல்ல ஆக்கள் இல்லை. இல்லாத பேரை ஒட்டப்போய்த்தான்..."

பாதியில் நின்றுவிட்டார். முன்பலகையில் இல்லாத தூசியை விரலால் துடைத்தார்.

"ஐயா, நான் எஞ்சினியர் இல்லை. பஸ் டிப்போவில மெக்கானிக்."

நான் புத்தகத்தை மூடினேன். ஐந்தாவதும் போயிற்று. இனி இரண்டு நாளைக்குக் கராஜ் கதவு இறங்கியே இருக்கும். இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது நான்தானே, இவருக்கு என்ன வந்தது என்று அழுகை வந்தது.

பெரியவர் ஸ்டியரிங்கைச் சுற்றியிருந்த பொத்தான்களைப் பார்த்தார். பிறகு, "உந்த வைப்பர் எப்பிடிப் போடுறது?" என்று கேட்டார்.

சித்தப்பா திறப்பை நீட்டவில்லை. தானே கையை எட்டிச் செருகி, எஞ்சின் கிளம்பாத அளவுக்குத் திருப்பிவிட்டு, பொத்தானைக் காட்டினார். மழையில்லாத கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச் என்று ஆடியது. முன்னால் இருந்த இரண்டு பெரிய மனிதர்களும் அதை ஏதோ அதிசயம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராகுகாலம் தொடங்கிவிட்டது.

அப்போது வாசல் கதவு திறந்தது. பெண் தேநீர்த் தட்டுடன் வெளியே வந்தார். பட்டுச் சேலையும் காலில் எங்கள் வீட்டு ரப்பர் செருப்பும். அவருக்குப் பின்னால் அம்மா, தட்டைப் பறிகொடுத்த இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

பெண் இடப்பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் தகப்பனாரைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் கலங்கிற்று.

"எங்கயப்பா போறீங்கள்?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை" என்றார் பெரியவர். அவர் சிரித்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டிச் சித்தப்பாவைக் காட்டினார். "பிள்ளை, இவர் எஞ்சினியர் இல்லையாம். மெக்கானிக்காம்."

பெண் ஜன்னல் வழியாகச் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தன் கைகளைப் பார்த்தார்.

"அப்ப கார் ஓடும்" என்றார் பெண்.

தகப்பனாருக்கு ஒரு கோப்பையைக் கொடுத்தார். காரைச் சுற்றி வந்து சித்தப்பாவின் கையில் ஒன்றைக் கொடுத்தார். சித்தப்பா பாதியைக் காற்சட்டையில் ஊற்றிக்கொண்டு, ஆங்கிலத்தில் இரண்டு தரம் நன்றி சொன்னார். என் ஒரு விரல் பட்டால்கூடத் துணியோடு ஓடிவருகிறவர், பெண் தட்டை அந்தக் காரின் கூரையில் வைத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, பெண் பின் கதவைத் திறந்தார்.

அவரை நான் சித்தி என்று கூப்பிடத் தொடங்க இன்னும் எட்டு மாதம் இருந்தது. பெண் தன் வீட்டில் மாப்பிள்ளைக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பது சடங்கு. மாப்பிள்ளை வீட்டில், ஒருவரும் கேட்காமல், தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தால் அதற்கு என்ன பொருள் என்று அங்கே நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் நின்ற அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. வீடு தேடி வந்தவரை அம்மா இப்படி வேலை வாங்கிவிட்டாரே!

புத்தகத்தை ஒதுக்கி இடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் சார்பில் மன்னிப்பாக "சொறி" என்றேன்.

"எதுக்கு?"

"நீங்கள் விசிட்டர்தானே" என்றேன்.

அவர் ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"அம்மா" என்றேன். காலையிலிருந்து 'விசிட்டர்ஸ் வருகினம்' என்று அவர்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.