சிவப்புப் பென்சில் நின்ற பக்கம்

கடலூர் ஓ.டி.யில் அரிசி மண்டி, நெல்லிக்குப்பம் சாலையில் லாரி ஷெட், சிதம்பரத்தில் மாடி வைத்த கடை. இவ்வளவையும் எழுப்பியவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் என்றால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், கட்டடங்கள் அங்கேயேதான் நிற்கின்றன. ஆனால் நான் எழுப்பியதில் ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் சாட்சி என் பீரோவில் இருக்கும் பழைய மர்ம நாவல் ஒன்று. முதல் நாற்பது பக்கமும் சிவப்புப் பென்சில் திருத்தம். விட்டுப்போன ஒற்று, வேண்டாத ஒற்று, எதுவும் தப்பவில்லை. நாற்பதுக்கு மேல் ஒரு கீறல் கிடையாது.

அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்திலிருந்து அண்ணாமலை நகர் போகிற வழியில் புத்தகங்களை வாடகைக்கு விடும் கடை வைத்தேன். கடலூரில் எடைக்கு வாங்கிய மர்ம நாவல்கள்தாம் சரக்கு. மண்டியும் லாரியும் பின்னால் வந்தவை. அன்றைக்கு வீட்டில் உலை கொதித்தது அந்தக் கடையால்தான். அதற்கு யாரோ வேட்டு வைத்தார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ‘கொலைகாறன் டாக்டர்’, ‘கொலைகாறன் டிரைவர்’ என்று பென்சிலால் எழுதிவிடுவது. “என்னா பாய், கொலைகாரனை வாசல்லயே நிக்க வச்சுட்டு உள்ள போயி தேடச் சொல்ற!” என்று ஹாஸ்டல் மாணவர்கள் புத்தகத்தை என் முன்னால் போட்டுவிட்டு நடந்தார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

என் சந்தேகம் நேராக, கடைக்கு அடிக்கடி வந்துபோன பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் மேல் விழுந்தது. நடையே சரியில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். “ஒரு மாணவன் கேட்டான் பாய்” என்பார். நாவலைச் செய்தித்தாளில் சுற்றி, குடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது அதில் சிவப்புக் கோடுகள். இந்த மாதிரிப் புத்தகமே ஊரில் இருக்கக் கூடாது என்று என் கடையை ஒழிக்க வந்தவர் என்று முடிவு கட்டினேன்.

ஆளைப் பிடிக்க வேண்டுமானால் அவர் திருப்பித் தரும் புத்தகங்களைப் புரட்ட வேண்டும். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். பள்ளியில் வாத்தியார் கதை வாசித்தால் வாயைப் பிளந்து கேட்டவன்தான் நான். மூட்டை தூக்கப் போன பிறகு எழுத்தோடு இருந்த உறவு விட்டுப்போயிருந்தது. பென்சிலைத் தேடப் போனவன், கொஞ்ச நாளில் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் சோற்றுக்குக் கூப்பிட்டது காதில் விழவில்லை. அப்படிப் படித்தபோதுதான் ஒரு நாவலில் சிவப்பு நாற்பதாம் பக்கத்தோடு நின்றிருந்ததைப் பார்த்தேன். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஏன் நிறுத்தினார்?

அடுத்த முறை வந்தவரிடம் அந்த நாவலின் முதல் பக்கத்தை விரித்து, “ஐயா, இது ஒங்க வேலதானே?” என்றேன். அவர் முகம் சிவந்துபோயிற்று.

“‘கொலைகாறன்’! பாய், இந்த ‘ற’ என் கையால வருமா?”

“அப்ப இந்தச் சிவப்பு?”

“அது நான்தான். வருஷக்கணக்கா பரீட்சைப் பேப்பர் திருத்தித் திருத்தி, எதை எடுத்தாலும் தப்புதான் கண்ணுல படுது. படிச்சு ரசிக்கறதே போயிடுச்சு பாய். இதுல அந்த ஜன்னல் கம்பி அறுந்து கெடந்துச்சே, அந்த எடத்துல பென்சில் எங்க உருண்டு போச்சுன்னே தெரியல.”

புரட்டினேன். ஜன்னல் கம்பி நாற்பதாம் பக்கத்தில்தான் இருந்தது. நான் சோற்றை மறந்த இடமும் அதுதான்.

அவர் விடவில்லை. வாசல் போர்டைக் காட்டினார். “‘கடை திறக்கும் நேறம்.’ அதே ‘ற’. இத எழுதுனது யாரு?”

எழுதியவன் என் வீட்டுக்காரியின் தம்பி. நான் கடலூர் போகும் நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்பவன். அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். “வல்லாஹி, அல்லா மேல ஆணையா மச்சான், கெட்ட எண்ணம் இல்ல. படிச்சுப்புட்டு வவுத்துல வச்சுக்க முடியல. யாருகிட்டயாச்சும் சொல்லணும்போல இருந்துச்சு.”

வேறொருவனாக இருந்தால் அவனை விரட்டியிருப்பான். நான் வியாபாரி. “அழிக்காத. ஒவ்வொரு புத்தகத்துலயும் இன்னும் நாலு பேரு பேரை எழுது. ‘ற’வை மாத்தாத” என்றேன். அவ்வளவுதான், போன மாணவர்கள் திரும்பி வந்தார்கள். எந்தக் கொலைகாரனை நம்புவது என்று கடை வாசலிலேயே சண்டை. பேராசிரியர் இரண்டு பக்கமும் பார்ப்பதை விட்டுவிட்டார். “இப்ப ஒருத்தரையும் நம்ப முடியல பாய். ஜாஸ்தி சந்தோஷமா இருக்கு” என்பார்.

ஐயா காலமாகிவிட்டார். அவருடைய கட்டுரைகள் புத்தகமாகி அண்மையில் என் கைக்கு வந்தன. முன்னுரையில், படிக்கிற இன்பத்தைத் தமக்குத் திருப்பித் தந்தது ‘ஒரு வாடகைப் புத்தகக் கடை’ என்று இருக்கிறது. கடை தானாகவா எடுத்துக் கொடுத்தது? ஐயா என் பெயரை எழுதியிருப்பார்; அச்சில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது என் சந்தேகம். மறுபதிப்பு வரப்போவதாக அவர் மகன் சொன்னார். அதில் என் பெயர் வர வேண்டும். கேட்பது நியாயம், கேட்கிறேன்.

நானும் ஒரு சிவப்புப் பென்சில் வாங்கினேன். முன்னுரையில் ‘ஒரு வாடகைப் புத்தகக் கடை’ என்ற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அந்தப் பழைய நாவலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பிழை இருக்கிறது, திருத்த வேண்டும்.