கயித்துக்குள்ளை லூர்து

சிரியுங்கோடா, சிரியுங்கோ. பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டிட்டு ஊர் சுத்தினவங்கள்தானே நீங்களும், உங்களுக்கு விளங்காமல் ஆருக்கு விளங்கப்போகுது. அப்ப எனக்குக் கூத்து உடுப்பு வாடகைக்கு விடுற கடையில வேலை. வேலை எண்டால், ஒரு ராசாவின்ரை வேர்வையை அடுத்த ராசா உடுத்தமுதல் தோய்ச்சுக் காயப்போடுறதுதான். கடை உருத்திரபுரத்தில. சண்டைக் காலம், சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் அருமை, கூத்து மட்டும் நிக்கேல்லை.

அளவெடுப்பு

கொக்கிளாயில இருந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கரையில இருந்த சனத்தின்ரை மாதா கோயில் பெருநாள். உடுப்புப் பெட்டியளை உழவு மெசினில ஏத்திக்கொண்டு நானும் முதலாளியும் போனம். அங்கை ராணி வேசமும் ஆம்பிளையள்தான் கட்டுறது. அந்தமுறை லூர்து, பதினாறு வயசு. ஊர் பெடியன் எண்டுது. நான் அவள் எண்டுதான் சொல்லுவன், அவளுக்கு அதுதான் விருப்பம்.

மற்றவங்கள் சீலை சுத்தேக்கை நெளிவாங்கள், இளிப்பாங்கள். லூர்து கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தளவு தண்ணிக்குள்ளை நிக்கிறமாதிரி நிண்டாள். சீலையிலை குத்திற ஊசியள் எல்லாம் அவளுக்கு ஒரே பக்கம் பாக்கவேணும். ஒண்டு மாறினாலும் கழட்டித் திரும்பக் குத்தவேணும். முதலாளிக்குக் கை நொந்தும் கோவம் வரேல்லை. "இவ்வளவு காலமும் ஆம்பிளையளைப் பொம்பிளையாக்கத்தான் பாடுபட்டனான். இதுக்கு ஊசி மட்டும் போதும்" எண்டார்.

கிணத்தடி

அண்டைக்குப் பின்னேரம் ஒத்திகை. மத்தளம் உரக்க அடிச்சால் காதைப் பொத்துவாள், அடி ஓய்ஞ்ச உடனை விட்ட இடத்திலை இருந்து பாடுவாள். பெடியள் விசிலடிச்சுக் கைதட்டினாங்கள். அடுத்தநாள் காலமை காதிலை ஒரு பூவோடை கிணத்தடிக்குப் போயிருக்கிறாள். அதே பெடியள் பொம்பிளைச்சட்டி எண்டு கத்திக் கல்லெறிஞ்சிருக்கிறாங்கள்.

எறிஞ்ச கல்லைக் கையிலை கொண்டு நேரை என்னட்டை வந்தாள். அழேல்லை. என்ரை முகத்தைப் பாக்காமல், பெட்டியின்ரை பூட்டைப் பாத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணை, ஆர் எறியப்போறாங்கள் எண்டு உங்களுக்கு முகத்தைப் பாத்துத் தெரியுமாம். எனக்குக் கல்லு பட்டாப் பிறகுதான் தெரியுது. நீங்கள் எல்லாரும் அதை எங்கை படிச்சனீங்கள்?"

கயிறு

எனக்கு மறுமொழி தெரியாட்டில் பகிடிதான் வரும், உங்களுக்குத் தெரியும்தானே. நான் அப்ப நாலு தடி நட்டு, கூத்தாடுற இடத்தைச் சுத்திக் கயிறு கட்டிக்கொண்டு நிண்டனான். இதுக்குள்ளை நிண்டால் நீ ராணி, ஒருத்தனும் தொடமாட்டான், வெளியிலை கால் வைச்சால்தான் கரைச்சல் எண்டு அள்ளிவிட்டன்.

அவள் சிரிக்கேல்லை. கயித்தைப் பிடிச்சபடி ஒரு சுத்து நடந்தாள். முடிச்சு ஒவ்வொண்டையும் இழுத்துப் பாத்தாள். "அப்ப நான் உள்ளுக்கை இருக்கிறன்" எண்டாள்.

விடிய

அண்டிரவு கூத்திலை லூர்து பாடின பாட்டை நான் இண்டைக்கும் நித்திரையிலை கேக்கிறனான். விடியேக்கை நந்திக்கடலிலை இருந்து பனிப்புகார் வந்து மூடிச்சுது. பெற்றோமக்ஸ் மூச்சு விட்டு அணைஞ்சுது. ராசா தாடியைக் கழட்டிப்போட்டுத் தேத்தண்ணிக்குப் போயிட்டார். புகாருக்கை, கயித்துக்கு நடுவிலை, ஈயத்தாள் முடியோடை ராணி மட்டும் இருந்தாள். எழும்பச் சொன்னால் எழும்பேல்லை. வெளியிலை போனால் எறிவாங்கள், நீங்கள்தானே சொன்னீங்கள் எண்டாள்.

பெடியள் கூடிட்டாங்கள். கையளிலை கல்லும் தெரிஞ்சுது. முதலாளி கயித்தை அவிழடா எண்டார். நானும் முடிச்சிலை கை வைச்சிட்டன்.

அதுக்குள்ளை ஆரோ ஓடிப்போய் அவளின்ரை தேப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தாங்கள். களப்புத் தண்ணியாலை நேரை வந்த மனுசன், ஈரச் சாறம், தோளிலை வலை. நல்ல அடி விழப்போகுது எண்டு சனம் வழி விட்டுது. அவர் மகளைப் பாத்தார், என்ரை கையைப் பாத்தார். வலையை வெளியிலை வைச்சிட்டு, கயித்துக்குக் கீழாலை குனிஞ்சு போய், அவளுக்குப் பக்கத்திலை சம்மணம் கொட்டி இருந்தார். பிறகு ஆறுதலாக் கேட்டார்: "கூத்து முடிஞ்சுது எண்டு ஆரடா சொன்னது?"

வெயில் ஏறி, சனம் கலைஞ்சு, அவை ரெண்டுபேரும் எழும்பிப் போகுமட்டும் நான் அந்த முடிச்சை அவிழ்க்கேல்லை. நல்ல மனத்திலை எண்டு நினைச்சுப்போடாதேங்கோ, அந்த மனுசனுக்குப் பயத்திலை.