சேலைக் கலரில் ஒரு ஹால்

மாரண்டஹள்ளியில் நான் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு இன்று புதுமனை புகுவிழா.

போன மாதம் வீட்டுக்கார அம்மா தன் கல்யாணச் சேலையைப் பெயின்ட் கடைக்கே கொண்டுவந்து, "ஹாலுக்கு இதே கலரு கலந்து குடுங்க" என்றார்.

அடர் மெரூன்.

"ஒரே ஜன்னல்தாங்க, இருட்டா இருக்கும்" என்று மூன்று முறை சொன்னேன்.

"இப்ப எல்லாரு வூட்லயும் டார்க் கலருதாங்க சார்."

இன்று அதே சேலையைக் கட்டிக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நின்றார். போட்டோவில் முகமும் கைகளும் மட்டும்தான் தெரிந்தன.

"இஞ்சினியர்தானுங்களே, முன்னாடியே சொல்லக்கூடாதுங்களா?" என்றார் அவர் கணவர்.

"வேற கலர் அடிச்சுடலாங்களா?" என்றேன், சலிப்போடு.

"கலரு நல்லாத்தான் இருக்குது. நான் போயி வேற சேல கட்டிக்கிட்டு வரேன்" என்று அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

நான்கு வருடம் சிவில் படித்தேன். சேலைக்கு ஒரு பாடம்கூட இல்லை. உங்கள் காலேஜில் இருந்ததா?